மத்தியானக்காரிக்குத் துக்கம் விசாரித்தது

சிட்னியில் இருக்கும் அத்தை மகள் போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒலித்துண்டுகளாகப் போட்டுத் தள்ளினாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த ஊரில் ஓடிய விளம்பர வானொலி நிலையங்களின் அடையாள இசையாம். இது பாட்டு நிலையமாக இருந்து பேச்சு நிலையமாகிவிட்டது, இது குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டது, இதற்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு புலம்பல். குழுவில் இருந்த பெரியப்பா, சித்தப்பாக்கள் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். யாரோ பிறந்தநாள் வாழ்த்துகூடச் சொன்னார்கள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வளர்ந்தவள் நான். எனக்கும் அப்படி ஒரு நிலையம் செத்திருக்கிறது. அதற்கு நாங்கள் துக்கம் விசாரிக்கவே போயிருக்கிறோம்.

இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களுக்கு முதலில் பொத்தான் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும், அதற்குத் தெம்பில்லை. நேரம் மட்டும் இருக்கிறது. ஒரு மாதமாக வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் வரும்.

உங்களுக்கு நினைவிருக்கும், கார் ரேடியோவில் வரிசையாகப் பொத்தான்கள். பிடித்த நிலையம் கிடைத்ததும் ஒரு பொத்தானை விடாமல் அழுத்தினால் பீப் என்று ஒரு சத்தம் வரும், அதன்பின் அந்தப் பொத்தான் அந்த நிலையத்துக்குச் சொந்தம். எங்கள் பழைய காரில் அப்பா அதைச் சொத்துப் பிரிப்பதுபோலப் பிரித்திருந்தார். முதல் பொத்தான் அம்மாவுக்கு, மெல்லிய பாட்டுகள். இரண்டாவது கன்ட்ரி பாட்டு, அது காரை விற்றவர் வைத்துவிட்டுப் போனது, யாரும் கலைக்கவில்லை. மூன்றாவது அப்பாவுடையது. செய்தியும், ஃப்ரீவேயில் எங்கே நெரிசல் என்பதும், இடையிடையே, எல்லா நிலையத்திலும் வருகிற மெத்தைக் கடை விளம்பரமும். நான்காவது ஸ்பானிஷ். கடைசிப் பொத்தானில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் மட்டும் இந்தியப் பாட்டு வரும், மீதி வாரம் முழுக்கப் பிரசங்கம். அந்த ஒரு மணி நேரத்திலும் நகைக்கடை விளம்பரம் போக, இந்திப் பாட்டுகள் போக, தமிழுக்கு ஒரு பாட்டு மிஞ்சினால் அதிர்ஷ்டம். அந்த ஒரு பாட்டுக்காக மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்போம்.

வீட்டில் இருந்தது ஒரே ரேடியோ. யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கேரேஜ் சேலில் கிடைத்தது. ஆன்டெனா பாதியில் ஒடிந்து, அலுமினியத் தாளைச் சுற்றிச் சமாளித்த ரேடியோ. சிங்க்குக்கு மேல் ஜன்னல் கட்டையில் இருக்கும். அதன் திருகில் எப்போதும் மஞ்சள் கறை, தாளிக்கும் நேரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. முள் முதல் பொத்தானின் நிலையத்திலேயே நிற்கும். அம்மா அதை நகர்த்தவே மாட்டாள். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும்தான் கை வைப்பாள். அந்த ரேடியோ பிறகு எங்கே போனது என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. வீடு மாறும்போது தொலைந்த சாமான்களுக்கெல்லாம் ஒரு ஊர் இருந்தால் அங்கே இருக்கும்.

அம்மா அமெரிக்கா வருவதற்கு முன்னால் வேலூர் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு நாள் முழுக்கப் பேசுகிற வேலை. அவளுடைய குரலைக் கேட்டால் வெளியூர் ட்ரங்க் கால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்ததாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள். அப்பாவுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்ததும் அதை ராஜினாமா செய்துவிட்டு, மனைவிக்குரிய ஹெச்-4 விசாவில் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. காலையில் அப்பா போய்விடுவார், பின்னாலேயே ஸ்கூல் பஸ்ஸில் நான். அதற்கப்புறம் மாலைவரை அபார்ட்மெண்டில் பேசுவதற்கு ரேடியோவைத் தவிர ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி இருந்தாள்தான், கோயம்புத்தூர்க்காரி, நல்ல மனுஷி. ஆனால் அவளுக்குக் கைக்குழந்தை. குழந்தை தூங்கினால் அவளும் தூங்கிவிடுவாள்.

அப்படித்தான் மத்தியானக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மதிய நேரத்தில் முதல் பொத்தானில் பேசும் அறிவிப்பாளர். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அம்மா அதைச் சொன்னதே இல்லை. மத்தியானக்காரி இன்னைக்கு ஜலதோஷத்தோட வந்திருக்கா, மத்தியானக்காரி ஒரு பாட்டைத் தப்பாச் சொல்லிட்டு அவளே சிரிச்சா என்று பள்ளிவிட்டு வந்ததும் எனக்கு நிலவரம் கிடைக்கும். கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். ஸ்டுடியோ எப்போதும் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது, ஊதா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் பாட்டுப் போடுகிறேன் என்று அடிக்கடி சொல்வாள். விளம்பரத்துக்குப் போகும்போது, 'டோன்ட் யூ கோ எனிவேர், ஹன்' என்பாள். எங்கேயும் போயிடாதே கண்ணு என்கிற மாதிரி. அம்மா எங்கே போவாள்? அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

பாட்டுக் கேட்பதற்கு ஒரு ஃபோன் நம்பர் உண்டு. அம்மாவுக்கு ஃபோன் என்றால் பயம் இல்லை, இங்கிலீஷ் என்றால்தான் பயம். முதல் தடவை என்னைப் பேசவைத்தாள். அடுத்த தடவை அவளே பேசினாள். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. பாட்டுகள் ஓடும் நேரத்தில் மத்தியானக்காரி சும்மாதானே இருக்க வேண்டும்? இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். அம்மா ஆபரேட்டராக இருந்தவள் என்று தெரிந்ததும், அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில் என்று அவள் சொன்னாளாம். அம்மா அன்று கேசரி செய்தாள்.

அந்த நிலையத்தில் நேயர்களின் குரலைப் பதிவுசெய்து பாட்டுகளுக்கு நடுவே போடும் வழக்கம் இருந்தது. நான் இன்னார், ஷுகர் லேண்டில் பல் டாக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், வேலை நேரத்தில் நான் கேட்பது இந்த நிலையம்தான் என்று ஒரு வரி. வேலை செய்யும் இடத்தில் கேட்கிற நிலையம் என்பதுதான் அவர்களுடைய விளம்பரமே. கோடை விடுமுறை தொடங்கிய நாட்களில் மத்தியானக்காரி அம்மாவிடம், ஒரு நாள் ஸ்டேஷனுக்கு வா, உன் குரலையும் பதிவு பண்ணுவோம் என்று கூப்பிட்டாள். நான் வேலை பார்க்கவில்லையே என்று அம்மா தயங்கினாளாம். சமையல் யார் செய்கிறார்கள், துணி யார் துவைக்கிறார்கள், பிள்ளையை யார் பார்க்கிறார்கள், அது வேலை இல்லாமல் என்ன, ஐ வொர்க் அட் ஹோம் என்று சொல் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வசனம்தான். 'ஐ வொர்க் அட் ஹோம் இன் கேட்டி, அண்ட் திஸ் இஸ் மை ஸ்டேஷன்.' பாத்திரம் தேய்க்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள். 'ஒர்க்' என்று வாயில் வந்துவிடும், நான் திருத்துவேன். உதட்டைக் குவித்து மறுபடி சொல்வாள். எக்ஸ்சேஞ்சை விட்டு வந்தபின் அவளுடைய குரலை நான்கு பேர் கேட்க ஒரு வழி கிடைத்திருந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தோம். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு அப்போது கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தது.

"ஹெச்-4-ல இருந்துக்கிட்டு ஐ வொர்க்னு நீயே ரேடியோவுல சொல்லுவியா? இமிக்ரேஷன்காரன் எவனாவது கேட்டா, நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாது?" என்றார். "கிரீன் கார்டு வரட்டும். அப்புறம் நீ என்ன வேணும்னாலும் பேசு."

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்போது அந்த அபார்ட்மெண்டில் யாரிடம் கேட்டிருந்தாலும் அப்பா சொல்வது சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். கடிதத்தில் ஸ்டாம்ப்பைக் கோணலாக ஒட்டினால்கூட ஃபைல் திரும்பிவிடும் என்று நம்பிய காலம் அது. வொர்க்குக்குப் பதில் ஸ்டே என்று சொல்கிறேனே என்று அம்மா இறங்கி வந்தாள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றார் அப்பா. கேட்கவில்லை. இதைப் போய் எப்படிக் கேட்பது என்று அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மத்தியானக்காரி ஃபோனில் விசாரிக்கும்போதெல்லாம், நெக்ஸ்ட் வீக், நெக்ஸ்ட் வீக் என்றாள் அம்மா. அப்படியே கோடை போய், பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

பள்ளி திறந்த சில வாரங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வகுப்பு வாசலில் ஆபீஸ்கார அம்மாள் வந்து என் பெயரைச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போனால், ஆபீஸில் அம்மாவும், குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஆன்ட்டியும் நிற்கிறார்கள். அம்மா என் கையைப் பிடித்தாள். வீட்டுக்குப் போயிடலாம், பஸ் ஓடாது என்றாள்.

நடந்தது இதுதான். மதியச் செய்தி முடிந்து மத்தியானக்காரி வர வேண்டிய நேரத்தில் அவள் வரவில்லை. பியானோ வாசித்தது. அது முடிந்ததும் இன்னொரு பியானோ, பின்னால் கடலலைச் சத்தம். மனிதக் குரலே இல்லை. அம்மா வளர்ந்த ஊரில் ரேடியோ இப்படிப் பேசாமல் சோக இசையாக வாசித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய தலைவர் யாரோ போய்விட்டார். அறிவிப்பதற்கு முன்னால் வீணையை வைத்துவிடுவார்கள். அதைக் கேட்டதும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்கள், பஸ் நிற்கும், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவர ஓடுவார்கள். அம்மாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகத்தையும் போக்கியது விளம்பரம்தான். ஒரு மணி நேரமாக ஒரு விளம்பரம்கூட வரவில்லை. மெத்தைக் கடையையே நிறுத்திவிட்டான் என்றால் செத்தது ஜனாதிபதியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆன்ட்டியை எழுப்பியிருக்கிறாள். டிவியில் யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் தகவல் வரவில்லை என்று இரண்டு பேரும் முடிவுகட்டினார்கள்.

வழியில் ஆன்ட்டி காரைக் கடையில் நிறுத்தினாள், பாலும் உருளைக்கிழங்கும் வாங்கினோம். கடை திறந்திருந்ததே அம்மாவுக்கு ஆச்சரியம். சீக்கிரம் மூடுங்கள் என்று கல்லாவில் இருந்த பெண்ணுக்குச் சொல்லலாமா என்று ஆன்ட்டியிடம் கேட்டாள். வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். தொட்டி நிறையத் தண்ணீரைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இது கமர்ஷியல் ஸ்டேஷன், இங்கே ஜனாதிபதி செத்தால் விளம்பரத்தை நிறுத்தமாட்டான், இன்னும் இரண்டு சேர்த்துப் போடுவான் என்றார். ஆன்ட்டிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவும் முதலில் சிரித்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போனாள். அங்கே இன்னமும் பியானோதான். ஃபோனை எடுத்துப் பாட்டுக் கேட்கும் நம்பரைச் சுற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃபோனை வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"தலைவர் இல்லேன்னா, அப்ப அந்த வீட்லயேதான் துக்கம்" என்றாள். "அவதான். அவ நேரத்துலதானே நின்னுது."

அப்பா என்ன சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, ஆன்ட்டியின் காரில் நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனோம். குழந்தையை ஆன்ட்டியின் கணவர் பார்த்துக்கொண்டார். இங்கே இந்த மாதிரிக்கு ஏதாவது சமைத்து எடுத்துப்போவார்கள் என்று ஆன்ட்டி சொல்லிப் பார்த்தாள். துக்க வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டுதான் போக வேண்டும், அதெல்லாம் நம்மால் மாற்றிக்கொள்ள முடியாது என்றுவிட்டாள் அம்மா. வெளுத்த காட்டன் புடவை கட்டியிருந்தாள். அந்த நிலையத்துக்குப் போக என்று கோடையில் இஸ்திரி போட்டு எடுத்துவைத்த பச்சைப் புடவை அலமாரியிலேயே இருந்தது.

பெரிய கட்டடமாக, மேலே கோபுரம் வைத்து இருக்கும் என்று நான் கற்பனை செய்திருந்தேன். ஃப்ரீவே ஓரத்தில் ஒரு சாதாரண ஆபீஸ் கட்டடத்தில், கண் டாக்டருக்கு மேல் மாடியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. சுவரில் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வரவேற்பு மேஜையில் ஆள் இல்லை. முடியைக் குடுமியாகக் கட்டிய இளைஞன் ஒருவன் தரையில் உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முதல்நாள் தூங்காதவன் மாதிரி இருந்தான். எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டான்.

மத்தியானத்தில் பேசும் பெண்ணுக்காக வந்தோம் என்று அம்மா இங்கிலீஷில் சொன்னாள். அவன் எழுந்து நின்றான்.

"ஐ'ம் சாரி, மேம்" என்றான். "ஷி இஸ் நோ லாங்கர் வித் அஸ்."

இனி அவள் நம்மோடு இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அந்த வாக்கியத்தில் எனக்கும் தெரியாத சொல் எதுவும் இல்லை.

எப்போது என்று கேட்டாள். நேற்று மதியம் என்றான். திடீரென்றா? ஆமாம், அந்த நிமிஷம்வரை அவளுக்கே தெரியாது என்றான். கஷ்டப்பட்டாளா என்று அம்மா கேட்டாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சீக்கிரம் முடிந்துவிட்டது, இந்தத் தொழிலில் எப்போதுமே அப்படித்தான் என்றான். அவன் குரலிலும் வருத்தம் இருந்தது, அதுதான் எங்களை இன்னும் நம்பவைத்தது. மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. ஒரு காபிக் கோப்பை, யாரோ குழந்தையின் படம், எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த ஊதா ஸ்வெட்டர். அவளுடைய தங்கை வந்து எடுத்துப்போவாள் என்றான்.

அம்மா அழுதாள். ஊரில் அழுவதுபோல மார்பில் அடித்துக்கொண்டெல்லாம் இல்லை, நின்ற இடத்தில் நின்றபடி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. ஆன்ட்டி அந்தக் குரலைச் சரியாகக் கேட்டதுகூட இல்லை, அவளும் அழுதாள். குடுமிக்காரன் திகைத்துப்போய்விட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் ஒரு டீஷர்ட்டை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினான். திங்கட்கிழமையிலிருந்து வரப்போகும் புது நிலையத்தின் பெயர் அதில் மின்னியது. துக்க வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது. அம்மா அதை வாங்கி, மரியாதையாக நாற்காலியின் மேல் வைத்தாள். நான் பை பை என்று கையை ஆட்டப்போனபோது என் கையைக் கீழே இழுத்தாள். அங்கே போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் எதையும் தொடவிடாமல் நேரே குளியலறைக்கு ஓட்டினாள். முதல்நாள் பிடித்துவைத்த தண்ணீர் தொட்டியில் அப்படியே இருந்தது. அதை மொண்டு என் தலைக்கு ஊற்றினாள், பிறகு தானும் ஊற்றிக்கொண்டாள். அப்பா வந்து ஈரத்துணியைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நோ லாங்கர் வித் அஸ் என்று அம்மா அப்படியே ஒப்பித்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அடப்பாவமே என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு அப்போதே புரிந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அவர் வேலை பார்த்தது எண்ணெய்க் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் ஓர் ஆபீஸில். அந்த வருஷம் அங்கேயும் அட்டைப்பெட்டிகளோடு ஆட்கள் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் முதல் நிமிஷம் பேசிக்கொண்டிருப்பவளை மறு நிமிஷம் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தால், அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கும். அவர் வேலை போனால் எங்கள் மூன்று பேரின் விசாவும் போகும். செத்துவிட்டாள் என்பது வேலை போய்விட்டது என்பதைவிட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் வெகுநாள் அவர்மேல் கோபமாக இருந்தேன், அந்த ஒரு வரியைச் சொல்லவிடாமல் கோடையை ஓட்டிவிட்டாரே என்று. இப்போது அந்தக் கோபத்துக்கும் எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை மதியம் கடலலை நின்றது. டம் டம் என்று டான்ஸ் பாட்டு தொடங்கியது. அம்மா ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு ரேடியோவை அணைத்தாள். அப்பா சில நாட்களில் ஐந்து சிடி போடும் பெரிய ப்ளேயர் ஒன்றைத் தூக்கிவந்தார். இனி எவளுக்காகவும் காத்திருக்க வேண்டாம், உனக்குப் பிடித்த பாட்டை நீயே போட்டுக்கொள்ளலாம் என்றார். அம்மாவுக்குப் போனது பாட்டு என்று நினைத்துவிட்டார், பாவம். அதன்மேல் அம்மா குத்துவிளக்கை வைத்தாள்.

காரில் முதல் பொத்தானை மட்டும் யாரும் மாற்றவில்லை. டான்ஸ் பாட்டு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. எழுபதுகளின் பாட்டுகள் வந்தன. பிறகு பணத்தை எதில் போடலாம் என்று கத்துகிறவர்கள் வந்தார்கள். எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தபோது அது ஸ்பானிஷ் நிலையமாகியிருந்தது. கார்டு வந்த அன்று அப்பா மிகுந்த உற்சாகத்தோடு, இனி ரேடியோவில் நீ என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். அம்மா சரி என்றாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஒரு க்ளினிக்கில் ஃபோன் எடுக்கும் வேலைக்குப் போனாள். ஒருநாள் பள்ளிவிட்டு அங்கே போய்க் காத்திருந்தபோது அவள் யாரையோ லைனில் நிறுத்திவைக்கிறாள், 'டோன்ட் யூ கோ எனிவேர், ஹன்.' அதே கரகரப்பு, அதே நிதானம். அவள் என்னைக் கவனிக்காதவள் மாதிரி அடுத்த லைனை எடுத்தாள்.

இப்போது அப்பா போய்விட்டார். அம்மா கேட்டியிலேயே சின்ன வீடு ஒன்றில் தனியாக இருக்கிறாள். எனக்குப் போன மாதம் வேலை போனது. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை. பத்து நிமிஷ வீடியோ கால், முன்பின் தெரியாத ஒருத்தி எழுதிவைத்ததைப் படித்தாள், முடிந்தது. மதியம் கூட வேலை பார்த்த தோழி, மேனேஜர் எல்லாருக்கும் அனுப்பிய மெயிலை எனக்குப் படமெடுத்து அனுப்பினாள். என் பெயர், அதன்பின் இஸ் நோ லாங்கர் வித் அஸ்.

அப்புறம் காரை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன்.

அவள் மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் விஷயத்தைச் சொன்னேன். மெயிலையும் படித்துக் காட்டினேன். மத்தியானக்காரி அன்றைக்குச் சாகவில்லை, அவளையும் இப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்டி" என்றாள். "அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடியே தெரியும். அப்பாவோட பொத்தான்ல மெத்தைக் கடை விளம்பரம் வந்துது. அவ குரல்."

அப்பாவுக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"அவர்தானே ஓட்டிட்டு இருந்தார். சவுண்டைக் கொஞ்சம் கூட்டி வச்சார். ஒண்ணும் பேசலை, நானும் பேசலை."

ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே என்றேன்.

"என்னன்னு பண்றது? நீ செத்துட்டேன்னு தலைமுழுகிட்டேன்னு சொல்றதா? விடு. அப்படி ஒரு சேதி வந்தா ஆயுசு கெட்டி. எங்கயோ நல்லா இருப்பா."

கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வயதாகிவிட்டது, கண்ணில் பூ விழுந்திருக்கிறது.

"உன்னையாவது போயிட்டு வரேன்னு சொல்ல விட்டாங்களா?"

இல்லை என்றேன்.

"உன் சாமானெல்லாம்?"

பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்புகிறார்களாம் என்றேன். என் ஸ்வெட்டரும் அங்கேதான் இருக்கிறது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, போ. போய்த் தலைக்கு ஊத்திட்டு வா. துண்டு உள்ளயே இருக்கு. கடைஞ்சு வைக்கறேன், வந்து சாப்பிடு."

அந்த வீட்டில் வெந்நீர் வருவதற்கு நேரமாகும். நான் காத்திருக்காமல் அப்படியே ஊற்றிக்கொண்டேன்.